குட்டைப் பட்டாணியில் எது குறைகிறது?

நெட்டை, குட்டை, 3:1 என்று எழுதி மதிப்பெண் வாங்காதவர்கள் நம்மில் குறைவு. பிர்னோ மடத்துத் தோட்டத்தில் மெண்டல் எண்ணிய கணக்கு அது. இரண்டாம் தலைமுறையில் 1,064 செடிகள். அதில் 787 நெட்டை, 277 குட்டை. சரி, குட்டைச் செடியில் எது குறைகிறது? அது மெண்டலுக்கே தெரியாது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கணுக்களை எண்ணினால் பெரிய வித்தியாசம் தெரியாது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள தண்டுதான் குட்டையில் நீளாமல் நின்றுவிடுகிறது.

துப்பு கிடைத்தது நெல்லில். நாற்று வெளிறி, ஒல்லியாக, வேண்டாத உயரத்துக்கு வளரும் நோயை ஜப்பானியர் 'பக்கானே', அதாவது முட்டாள் நாற்று என்பார்கள். அந்த நோயைத் தரும் பூஞ்சை சுரக்கும் பொருள் மட்டுமே நாற்றை நீட்டப் போதும் என்று 1926இல் குரோசாவா என்ற ஆய்வாளர் காட்டினார். அதுதான் பிறகு ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் ஆனது. 1950களில் அதைக் குட்டைப் பட்டாணியில் தெளித்தார்கள், நெட்டையாகவே வளர்ந்தது! ஆனால் அதன் விதையைப் போட்டால் மறுபடியும் குட்டைதான். மருந்து தண்டை மாற்றியது, மரபணுவை அல்ல.

அந்த மரபணுவை 1997இல் பிடித்தார்கள். அது ஒரு நொதிக்கான குறிப்பு. செடி பல படிகளில் ஜிப்ரலின் தயாரிக்கிறது. கடைசிப் படியில் ஜிஏ20 என்ற வேலைக்காகாத பொருளை ஜிஏ1 என்ற வேலை செய்யும் ஹார்மோனாக மாற்றுவது இந்த நொதி. குட்டையில் டிஎன்ஏவின் ஒரே ஓர் எழுத்து மாறி, நொதியின் 229ஆம் இடத்தில் அலனினுக்குப் பதில் திரியோனின் உட்கார்ந்திருக்கிறது. நொதி முழுதாகச் சாகவில்லை, மந்தமாகிவிட்டது. மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று நல்லதாக இருந்தாலே தேவையான ஹார்மோன் கிடைத்துவிடும். நெட்டை ஓங்கு பண்பாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். ஜிப்ரலின் நேரடியாகத் தண்டை இழுத்து நீட்டுவதில்லை. டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சிக்குப் பிரேக் போட்டபடி இருக்கின்றன. ஜிப்ரலின் வந்து ஏற்பியில் பொருந்தியதும் டெல்லாவைச் செல் சிதைத்துவிடுகிறது. பிரேக் விடுபட, தண்டு நீள்கிறது. பட்டாணியின் இரு டெல்லா மரபணுக்களும் கெட்டுப்போனால், ஹார்மோன் இல்லாமலேயே செடி ஒல்லியாக நீண்டுகொண்டே போகும்.

நம் வயல்களுக்கு வந்த ஐ.ஆர்.8 நெல்லின் குட்டைத் தண்டும் இதே பாதையில் விழுந்த பழுதுதான். அங்கே கெட்டது ஒரு படி முன்னால், ஜிஏ20ஐத் தயாரிக்கும் நொதி. அதனால்தான் உரம் போட்டுக் கதிர் கனத்தாலும் அது அவ்வளவு எளிதில் சாயவில்லை.