கோயில்காட்டைச் ‘சுத்தம்’ செய்யாதீர்கள்

போன மாதம் ஒரு திருப்பணிக் குழுத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். “காட்டைச் சுத்தம் செய்துவிட்டோம் சார். என்ன மரக்கன்று நடலாம் என்று நீங்கள் ஒரு முறை வந்து சொல்ல வேண்டும்” என்றார். குரலில் அத்தனை மகிழ்ச்சி. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபது ஆண்டுகளாகக் கோயில்காடுகளில் செடி கொடிகளைக் கணக்கெடுத்து வருகிறேன். இந்த ஆண்டில் இப்படி வந்த அழைப்பு இது மூன்றாவது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கடலை ஒட்டிய ஊர். ஐயனார் கோயில், இரு பக்கமும் மண்குதிரைகள், பின்னால் காடு. கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்ததும் ஜேசிபி வைத்து இரண்டே நாளில் வேலையை முடித்திருக்கிறார்கள். பெரிய மரங்களைத் தொடவில்லை என்று பெருமையோடு காட்டினார்கள். உண்மைதான். உலக்கைப்பாலை நின்றது. அடிமரம் முழுக்க ஆழமாகக் குழிந்து, முறுக்கிப் பிழிந்த துணிபோல இருக்கும் வீரையும் நின்றது. அவற்றுக்கு இடையில் செம்மண்தான் இருந்தது. வாரிய செடிகொடிகளை ஓரத்தில் குவித்து வைத்திருந்தார்கள். குவியலில் கையை விட்டுப் பார்த்தேன். காயா (அந்தப் பக்கத்தில் காசா என்பார்கள்), காட்டு எலுமிச்சை, காரை, சூரை, ஆதொண்டைக் கொடி. காயாவின் ஒரு கிளையில் நீலப் பூங்கொத்து இன்னும் வாடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்று பாடுகிறோமே, அந்தப் பூ.

“புதர்தானே சார்” என்றார் தலைவர்.

எனக்குக் கோபம் வருவது இந்த ஒரு சொல்லால்தான். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சோழமண்டலக் கரையோரத்தில் ஒரு தனி வகைக் காடு உண்டு. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும்; மற்ற மாதங்களில் காய்ச்சல்தான். ஆனாலும் இந்தக் காடு சித்திரை வெயிலில்கூடப் பச்சையாக நிற்கும். உலர் பசுமைமாறாக் காடு என்று இதற்குப் பெயர். விவசாயம், விறகு, சவுக்குத் தோப்பு, தைலமரம் என்று எல்லாம் தின்றது போக, இன்று இந்தக் காட்டின் எச்சங்களில் பலவும் ஐயனார், அம்மன் கோயில்களைச் சுற்றித்தான் கிடக்கின்றன. புதுச்சேரிக்கு வடக்கே புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு பல ஆய்வாளர்கள் போய்ப் பார்த்த இடம்.

இந்தக் காட்டின் இயல்பே குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பதுதான். வானளாவிய மரங்களை இதில் தேடக் கூடாது. காயா போன்றவை பார்க்கப் புதர்போல இருந்தாலும் அவற்றின் வயது உங்கள் தாத்தாவின் வயதைவிடக் கூடுதலாக இருக்கலாம். நீங்கள் ‘முள்’ என்று வெறுக்கும் சூரையும் காரையும் ஆட்டின் வாயிலிருந்து வீரைக் கன்றைக் காக்கும் வேலி. அந்த நிழலில்தான் நாளைய வீரையும் பாலையும் முளைக்கும். பழம் தின்ன வரும் சின்னான் குருவியும் குயிலும் மரநாயும் விதை போடும் இடமும் அதுவே. பெரிய மரங்களை மட்டும் விட்டுவைத்த காடு, பிள்ளைகளை எல்லாம் அனுப்பிவிட்டுக் கிழவர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கும் வீடு. பார்க்க அமைதியாகத்தான் இருக்கும்.

அதன் பிறகு மரம் நடுகிறேன் என்று கிளம்புகிறார்கள். இன்னொரு ஊரில் காட்டின் நடுவே மயில்கொன்றையும் தூங்குமூஞ்சியும் வரிசை பிடித்து நட்டிருந்தார்கள். ஒன்று மடகாஸ்கரிலிருந்து வந்தது, மற்றொன்று தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நிழல் தரும் மரங்கள்தான், சாலையோரத்தில் இருக்கட்டும், எனக்கு அவற்றின் மேல் பகையில்லை. ஐயனாருக்கு அவை எதற்கு? (பூங்கா அமைக்க ஒப்பந்தம் எடுப்பவர்களிடம் வீரைக் கன்று கேட்டுப் பாருங்கள். “அப்படி ஒரு மரம் இருக்கிறதா?” என்பார்கள்.)

சீமைக் கருவேலத்தை எடுத்தோம் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தாராளமாக எடுங்கள், நானும் வந்து பிடுங்குகிறேன். அது பெரும்பாலும் காட்டின் ஓரத்தில், வெளிச்சம் விழும் இடத்தில்தான் நிற்கும். ஆளை விட்டு, வேரோடு, கையால் எடுக்க வேண்டும். அதற்காக எந்திரத்தை உள்ளே விட்டால் நாட்டுச் செடிக்கும் அதே கதிதான். அரிவாளால் வெட்டிய காயா அடியிலிருந்து துளிர்க்கும். ஜேசிபி வேரோடு வாரியது துளிர்க்காது.

பாம்புக்குப் பயம் என்பார்கள் அடுத்து. பயம் நியாயமானது. அதற்குக் கோயிலுக்குப் போகும் பாதையை இரண்டு ஆள் அகலத்துக்குச் செதுக்கி வையுங்கள், விளக்குப் போடுங்கள், இரவில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவதை இன்றே நிறுத்துங்கள். அன்னதானத்துக்கு அடுப்பு மூட்டுவது காட்டுக்கு வெளியே இருக்கட்டும். பிளாஸ்டிக் தட்டையும் தண்ணீர் பாக்கெட்டையும் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். தெரிந்தும் போடுகிறீர்கள்.

சட்டம் ஒன்றும் இல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவிக்கலாம். மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி 2022இல் அப்படி அறிவிக்கப்பட்டது. 2025இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் வீரகோயில் காடும் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு வெறும் 4.97 ஹெக்டேர், பன்னிரண்டு ஏக்கரைச் சற்றே தாண்டும். “எங்கள் காடு சின்னது சார், அரசாங்கம் கண்டுகொள்ளாது” என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். உள்ளாட்சி அமைப்பில் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அது பெயரளவிலாவது இருக்கிறதா என்று ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள். இருந்தால் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் உங்கள் காட்டின் செடி கொடிகள் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் கற்ற பெயர்களில் பாதி ஆடு மேய்ப்பவர்கள் சொல்லிக் கொடுத்தவை.

அந்த ஊரில் ஒரு பாட்டி குவியலின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “எங்கள் காலத்தில் சுள்ளி ஒடித்தால் சாமி கண்ணைக் கெடுத்துவிடும் என்பார்கள். பொங்கல் வைக்கத் தவிர ஒரு குச்சியை வெளியே கொண்டுபோக மாட்டோம். இப்போது சாமிக்கே செய்கிறோம் என்கிறார்கள், நான் என்ன சொல்ல?” என்றார். தலைவர் வேறு பக்கம் பார்த்தார்.

திட்டுவதற்காகப் போகவில்லை, அதனால் கேட்டுக்கொண்டது இவ்வளவுதான்: கன்று ஏதும் நட வேண்டாம். காட்டின் பின்பகுதியில் எந்திரம் போகாத கால் பங்கு மிச்சமிருந்தது. வாரிய இடத்தையும் அதையும் சேர்த்து வேலி போட்டு மூன்று மழைக்காலம் விட்டுவிடுங்கள், விதை அங்கிருந்து வரும். கோயிலைச் சுற்றித் தரைக்கு டைல்ஸ் பதிக்கும் திட்டத்தைப் பிரகாரத்தோடு நிறுத்துங்கள்.

டைல்ஸ் விஷயத்தில் உடனே ஒப்புக்கொண்டார்கள், பணமும் மிச்சம். வேலிக்கும் சரி என்றார்கள். போன வாரம் பேசியபோது கம்பிவேலி வந்து இறங்கிவிட்டதாகத் தலைவர் சொன்னார். ஊரில் இருக்கும் ஆடுகளை இனி எங்கே மேய்ப்பது என்பதில்தான் கூட்டம் இரண்டு முறை முடிவில்லாமல் கலைந்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.