சிங்க் அடியில் ஈரமா? ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் எடுங்கள்

ஐப்பசி, கார்த்திகையில் கும்பகோணம், வலங்கைமான் பக்கம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் சுவர் நசநசவென்றுதான் இருக்கும். வீட்டைச் சுற்றிச் சம்பா வயல், வயல் நிறையத் தண்ணீர், மேலே அடைமழை. அதனால் சமையலறைச் சுவரில் பெயிண்ட் உப்பினால் யாரும் சிங்க்கை நினைப்பதில்லை, "மழைக்கு ஓதம் ஏறுது தம்பி" என்று சொல்லிவிடுகிறார்கள். போன மழைக்கு ஒரு அம்மா அப்படித்தான் சுவருக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்துவிட்டு, அப்புறம்தான் என்னைக் கூப்பிட்டார். கடப்பாக்கல்லுக்கு அடியில் கையை விட்டால் வேஸ்ட் பைப் நட்டு முழுக்க வழவழவென்று பாசி. பக்கத்தில் வைத்திருந்த சிலிண்டரின் அடிவளையம் துருப்பிடித்துப் பொரிந்து, கை பட்டாலே செதில் செதிலாக உதிர்ந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. சிங்க்குக்கு அடியில் சிலிண்டர் வேண்டவே வேண்டாம்.

குழாய் லைனில் கசிவு என்றால் நீங்கள் புழங்காத நேரத்திலும் சொட்டும். வேஸ்ட் பைப் கசிவு பாத்திரம் கழுவும்போது மட்டும்தான் சொட்டும், அதனால்தான் மாதக்கணக்கில் கண்ணில் படுவதில்லை. அடியில் இருப்பதையெல்லாம் வெளியே எடுத்து, பைப்பை நன்றாகத் துடைத்து, கீழே பேப்பர் விரியுங்கள். சிங்க்கை அடைத்துவிட்டு மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரை நிரப்பிக் கால் மணி நேரம் விடுங்கள். அப்போதே பேப்பரில் மஞ்சள் விழுந்தால் கோளாறு மேலே, கப்ளிங் (சிங்க் ஓட்டையில் பொருத்தும் வடிகட்டித் துண்டு) சிங்க்கோடு சேரும் இடத்தில். விழவில்லையா, அடைப்பை எடுத்து மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் விடுங்கள். இப்போது எந்த நட்டுக்கு அடியில் மஞ்சள் தெரிகிறதோ அதுதான் இடம்.

பெரும்பாலும் நட்டுக்குள் இருக்கும் வாஷர்தான் கோளாறு. ஒரு வாளியை அடியில் வைத்துவிட்டு நட்டைக் கழற்றுங்கள். வாஷர் காய்ந்து விறைத்திருந்தால் புதுசு போட வேண்டும். சிங்க்குக்கு 40 மில்லிமீட்டர், வாஷ்பேசினுக்கு 32, மாற்றி வாங்கிவிடாதீர்கள். ஒரு பக்கம் சரிவாகச் செய்த வாஷராக இருந்தால் தட்டையான பக்கம் நட்டைப் பார்த்தும் சரிவு ஜாயின்டுக்குள்ளும் போக வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டிருப்பதை வாரத்துக்கு ஒரு வீட்டிலாவது பார்க்கிறேன். கையால் இறுக்கினால் போதும், ரெஞ்சு போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு வெடித்துவிடும். கோளாறு கப்ளிங்கில் என்றால் அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, துடைத்துக் காயவைத்து, சிலிகான் வைத்துப் பொருத்திவிட்டு ஒரு நாள் சிங்க்கைத் தொடாதீர்கள். ஈரத்தின் மேலேயே எம்-சீல் (பிசைந்து ஒட்டும் பசை) அப்பிவிட்டுப் போகும் வேலையை மட்டும் யார் செய்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது பிடிக்காது, அடுத்து வருகிறவர் பைப்பையே அறுக்க வேண்டிவரும்.

சரி, ஜாயின்ட் ஏன் இவ்வளவு சீக்கிரம் கசிகிறது? நம் ஊர் வீடுகளில் கஞ்சிதான் காரணம். கொதிக்கக் கொதிக்கச் சோறு வடித்து அப்படியே சிங்க்கில் கொட்டுகிறோம், பிவிசி பிளாஸ்டிக் பைப் 80 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும், நெளிவு பைப் தொய்ந்து நட்டிலிருந்து மெல்ல நழுவும். கஞ்சியை ஆறவைத்து மாட்டுக்கு வையுங்கள், மாடு இல்லையென்றால் பச்சைத்தண்ணீரை நன்றாகக் கலந்து ஊற்றுங்கள். தை அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் ஏறி பைப்பைக் கடிப்பதும் உண்டு. பல் பட்ட பைப்பை ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுவதுதான் நல்லது.

வேலை முடிந்ததும் அதே மஞ்சள் தண்ணீரை இன்னொரு தடவை ஊற்றி, புதுப் பேப்பரை விரித்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன். மறுநாள் காலையில் போன் பண்ணி, பேப்பர் மொறமொறவென்று காய்ந்திருக்கிறது என்று அவர்கள் சொன்ன பிறகுதான் மீதிக் கூலி.