கிச்சிலி சம்பாவும் ஒட்டுக்கட்டுற எங்க வேலையும்

போன மாசம் ஆர்கானிக் கடைல ஒரு அக்கா கிச்சிலி சம்பா பாக்கெட்டை கைல வச்சுட்டு "இதுல சயின்டிஸ்ட் கை படலைங்க, அதான் வாங்குறேன்"னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டு இருந்தாங்க. நெல் ஒட்டுக்கட்டுறதே, அதாவது ரெண்டு ரகத்த சேர்த்து புது ரகம் உருவாக்குறதே என் பொழப்பு, சிரிப்ப அடக்கிட்டு வந்துட்டேன். கிச்சிலி சம்பான்னு பேர் வாங்குன ஜிஇபி 24, கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்துல (1912ல ஆரம்பிச்சது) கோணாமணி ரகத்துக்குள்ள வித்தியாசமா நின்ன செடிய பொறுக்கி, பெருக்கி, 1921ல வெளியிட்டது. ஜிஇபின்னா கவர்மென்ட் எகனாமிக் பொட்டானிஸ்ட், அந்த பதவியோட பேரையே நெல்லுக்கு வச்சுட்டாங்க!

அப்ப பார்த்தது சன்ன அரிசி, நல்ல சோறு. அப்புறம் யூரியா வந்துச்சு, உரம் போட்டா நம்ம உயரமான நெல்லு எல்லாம் கதிர் பாரம் தாங்காம சாஞ்சு தண்ணில கெடந்து முளைச்சிரும், அதனால குட்டையா, தண்டு கெட்டியா, இலை நேரா நிக்கிற செடிதான் எல்லாருக்கும் கனவாச்சு. பிலிப்பைன்ஸ்ல இருக்குற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல இந்தோனேசியாவோட உயரமான பேட்டாவையும் தைவானோட குட்டை டீஜியோவூஜென்னையும் சேர்த்து 1966ல ஐஆர் 8 வந்தது அப்படித்தான். 1968ல டொனால்ட்னு ஒரு ஆஸ்திரேலியா விஞ்ஞானி, செடி எப்படி இருக்கணும்னு முதல்ல வரைஞ்சுக்கோ, அப்புறம் அத உருவாக்குன்னே எழுதிட்டார். ஆனா ஐஆர் 8 சோறு ஆறுனா வெறைச்சுக்கும், தத்துப்பூச்சி பரப்புற துங்ரோ நோயும் தாங்காது, வரையுறப்ப நாக்கையும் பூச்சியையும் யாரும் சரியா சேர்க்கல.

அதுக்கு மறுபடி நம்ம பழைய ஆள்தான் வந்தார். ஜிஇபி 24ஓட புள்ள டிகேஎம் 6, அதோட புள்ள ஐஆர் 20. இப்ப நாம சாப்பிடுற சம்பா மசூரி, அதான் பிபிடி 5204, அதுலயும் ஜிஇபி 24 ரத்தம் ஓடுது.

"அப்ப இதெல்லாம் மரபணு மாத்துன அரிசியா?"னு கேக்காதவங்க இல்ல. இல்லைங்க. சாயங்காலம் வயல்ல குனிஞ்சு, மறுநாள் பூக்கப்போற கதிர்ல ஒவ்வொரு பூவா மேல் உமிய மூணுல ஒரு பங்கு கத்தரிச்சு, உள்ள இருக்குற 6 மகரந்தப் பையையும் ஃபோர்செப்ஸால எடுக்கணும், ஒண்ணு விட்டாலும் அது தானே சூல் கொண்டு மொத்த வேலையும் போச்சு. பட்டர் பேப்பர் கவர் மாட்டிட்டு காலைல ஆண் செடி கதிர அது மேல உதறுறோம். அவ்வளவுதான் ஒட்டு. அதுக்கப்புறம் ஆயிரக்கணக்கான செடில பொறுக்கி பொறுக்கி ஒரு ரகம் ஆக எட்டு பத்து வருஷம், முதுகுவலி தனி.

இன்னொண்ணு, ரகம் வேற, ஹைப்ரிட் (ஒட்டுக்கட்டுன முதல் தலைமுறை விதை) வேற. ரகத்துல கலப்பு செடிய பிடுங்கிட்டு உங்க நெல்லையே விதைக்கு வைக்கலாம், ஹைப்ரிட்ல வருஷா வருஷம் வாங்கணும். விதை வாங்குறப்ப இத முதல்ல கேளுங்க.

சில வருஷம் முன்னாடி வயல் விழாவுல எங்க குட்டை ரகத்த பெருமையா காட்டிட்டு இருந்தேன். ஒரு பெரியவர் முழங்கால் உயரத்துல கைய வச்சு காட்டி, "கண்டுமுதல் சரி தம்பி, என் மாட்டுக்கு வைக்கோல் எங்க?"ன்னார். வாய் அடைச்சுப் போச்சு. அதுலேர்ந்து என் நோட்டுல வைக்கோல் எடைக்குனு ஒரு தனி கட்டம் போட்டிருக்கேன், மேலதிகாரி இன்னும் அது எதுக்குனு கேட்டுட்டேதான் இருக்கார்.