பருப்பு வேகாத ஊரில் ஒரு பழைய பிரிட்ஜ்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எங்கள் சித்தி முதல் வாரமே அலுத்துக்கொண்டார்: "இந்த ஊர்ல பருப்பு வேகவே மாட்டேங்குதே." பருப்பில் குற்றமில்லை. ஊர் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் நம்மை அழுத்தும் காற்றில் ஐந்தில் நாலு பங்குதான் இங்கே. அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும். இங்கே 94 டிகிரிக்குக் கிட்டவே தளதளக்கிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு தள்ளினாலும் சூடு ஏறாது. பருப்புக்கு அந்தச் சூடு போதவில்லை, அவ்வளவுதான்.

சித்தியின் பருப்புக்கும் நான் வாங்கிய பழைய பிரிட்ஜுக்கும் ஒரே வியாதிதான் என்று எனக்குப் புரிய ஒரு மாதம் பிடித்தது.

கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் அதைப் பார்த்தேன். பிரிட்டனில் செய்தது. ஒற்றைக் கதவு, உருண்ட தோள், மோட்டார் காரின் கதவு மாதிரி இழுத்துத் திறக்கும் கைபிடி. "துரை பங்களாவுல இருந்தது" என்றார் கடைக்காரர். பழைய சாமான் விற்கிறவர்களிடம் துரை பங்களாவில் இல்லாத சாமானே கிடையாது. சரி, எங்கிருந்தாவது இருந்துவிட்டுப் போகட்டும். பிரிட்டிஷ் பெட்டி என்றால் நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் கரண்டிலேயே நேராக ஓடும். அதே காலத்து அமெரிக்கப் பெட்டி 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கேட்கும். டிரான்ஸ்போர்மர் வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் சரியாகாது.

பெயின்டைப் பார்த்து மயங்காமல் முதலில் பின்பக்கம் போய்க் குனிய வேண்டும். காஸை அழுத்தும் மோட்டார்தான் கம்ப்ரசர்; அதில் மூன்று முனைகள் இருக்கும்: பொது, ஓட்டம், ஸ்டார்ட். மல்டிமீற்றரை வைத்து மின்தடையை அளந்தேன். பொதுவுக்கும் ஓட்டத்துக்கும் 11 ஓம், பொதுவுக்கும் ஸ்டார்ட்டுக்கும் 24, ஓட்டத்துக்கும் ஸ்டார்ட்டுக்கும் 35. முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதாக வந்தால் உள்ளேயிருக்கும் இரண்டு கம்பிச் சுருள்களும் அறுபடாமல் இருக்கின்றன என்று அர்த்தம். எந்த முனைக்கும் வெளி இரும்புக்கும் தொடர்பு காட்டக் கூடாது; காட்டினால் அந்தப் பெட்டி துணி அடுக்கத்தான் உதவும்.

பிரிட்ஜ் குளிரை உண்டாக்கவில்லை, உள்ளேயிருக்கும் சூட்டை வாரி வெளியே கொட்டுகிறது. அதற்குக் கொதித்தல்தான் வழி. அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இருக்கும் காஸ் ஆர்-12. கடல் மட்டக் காற்றழுத்தத்தில் அது சுமார் மைனஸ் 30 டிகிரியிலேயே கொதித்துவிடும். கம்ப்ரசர் அதை அழுத்திப் பின்பக்கக் குழாய்க்கு அனுப்புகிறது. அழுத்தம் கூடியதால் சமையலறைச் சூட்டிலேயே அது திரவமாகி, தன் சூட்டை அறையில் விட்டுவிடுகிறது. பிறகு மயிரிழை போன்ற ஒரு குழாய் வழியாக உள்ளே போகிறது. அங்கே அழுத்தம் சட்டென்று விழ, திரவம் கொதிக்கிறது. கொதிக்கச் சூடு வேண்டுமே, அதைப் பாலிலிருந்தும் மீனிலிருந்தும் உறிஞ்சிக்கொள்கிறது. மலையில் தண்ணீர் அவசரப்பட்டுக் கொதிக்கிற அதே விதிதான்.

1930இல் ஆர்-12 வருவதற்கு முன் சல்பர் டையொக்சைட் போன்ற நச்சுக் காஸ்களைப் பயன்படுத்தினார்கள். ஆர்-12 மனிதரைக் கொல்லாது என்று எல்லாரும் கொண்டாடினார்கள். அது ஓசோன் படலத்தைத் தின்கிறது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1987இல் ஓசோனைக் காக்க மொன்றியல் ஒப்பந்தம் வந்தது, 1989இல் இலங்கையும் சேர்ந்தது. ஆகவே என் கொள்கை இது: பழைய காஸ் கசியாமல் ஓடுகிற பெட்டியானால் குழாயில் கை வைக்காதே. கசிந்தால் காஸ், எண்ணெய், வடிகட்டி எல்லாம் மாற வேண்டும். ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ காஸ் பழைய மினரல் எண்ணெயோடு சேராது. புதுப் பெட்டிகளில் போடும் ஐசோபியூட்டேன் காஸ் தீப்பற்றும். பழைய பெட்டியிலோ குளிரைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் பல்ப் சுவிட்சும் உள்ளேயே பொறி தட்டிக்கொண்டிருக்கும். "போட்டுக்கலாம் அண்ணே" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கொழும்பிலேயே இரண்டு கம்பி வயரைக் கழற்றிவிட்டு எர்த்தோடு மூன்று கம்பி போட்டேன். கதவு ரப்பர் மாற்றினேன். நூறு ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் இறுக்கமாக வர வேண்டும்; வழுக்கிக்கொண்டு வந்தால் மலையின் ஈரக் காற்று உள்ளே புகுந்து பனிக்கட்டியாகக் குவியும். சுவருக்குள் இருந்த கண்ணாடிப் பஞ்சையும் பிரித்துக் காயவைத்தேன். நனைந்த பஞ்சு சூட்டைத் தடுக்காது, கடத்திவிடும். ஒரு வாரம் ஓடவிட்டு, உள்ளே வைத்த தண்ணீர்க் கிளாசில் தெர்மோமீற்றரைப் போட்டால் 4 டிகிரி. பிரமாதம்.

லொறியில் ஏற்றி வந்து, கம்ப்ரசர் எண்ணெய் கீழே இறங்கட்டும் என்று ஓர் இரவு நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் பிளக்கைச் சொருகினேன். மூன்றாம் நாள் பால் கல்லாகிவிட்டது. லீக்ஸ் கண்ணாடிக் குழாய் மாதிரி நொறுங்கியது. குளிரைக் கூட்டிக் குறைக்கும் குமிழை மிகக் குறைந்த 1இல் வைத்தும் அதே கதை.

வந்து பார்த்த பிரிட்ஜ் திருத்தும் பாஸ், "காஸ் கூடிப்போச்சு தம்பி, கொஞ்சம் எறக்கிவிட்டா சரியாயிரும்" என்றார். நல்லவேளை, அன்று கருவி கொண்டுவரவில்லை.

காஸ் ஓடும் குழாய் மூடிய உலகம். ஊர் உயரம் அதற்குத் தெரியாது. உயரம் தெரிந்த ஒரே உறுப்பு தெர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் போய் ஐஸ் அறையைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதற்குள் தனியாகக் கொஞ்சம் காஸ் அடைத்திருக்கும். சூடு ஏறினால் அந்தக் காஸ் ஒரு சிறு உலோகத் துருத்தியை உப்ப வைக்கும், துருத்தி சுவிட்சைத் தள்ளும், கம்ப்ரசர் ஓடும். உப்ப விடாமல் எதிர்த்து நிற்பவை இரண்டு: ஒன்று ஸ்பிரிங், மற்றது வெளிக்காற்று. நுவரெலியாவில் வெளிக்காற்றின் கை ஐந்தில் ஒரு பங்கு தளர்ந்துவிட்டது. அதனால் ஐஸ் அறை இன்னும் குளிராக இருக்கும்போதே துருத்தி உப்பிவிடுகிறது. கம்ப்ரசர் முந்தி ஓடுகிறது, பிந்தி நிற்கிறது. ஐஸ் அறை சில டிகிரி கீழே போய்விடும். இதோடு, கொழும்பின் 28 டிகிரிச் சமையலறை போய் இங்கே 14 டிகிரிச் சமையலறை. வெளியிலிருந்து கசிந்து வரும் சூடும் பாதியாகிவிட்டது. பால் உறையாமல் என்ன செய்யும்?

பாஸின் அழுத்த மீற்றரும் இதே பொய்யைத்தான் சொல்லியிருக்கும். அந்த மீற்றர் வெளிக்காற்றை விட எவ்வளவு கூட என்றுதான் காட்டும். கடல் மட்டத்தில் 9 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) காட்டுகிற அதே காஸ் இங்கே 12 காட்டும். அதை நம்பி மூன்றை இறக்கியிருந்தால் நல்ல பெட்டி பட்டினி கிடந்திருக்கும், இறக்கிய ஆர்-12 ஓசோனுக்குப் போயிருக்கும்.

குமிழைக் கழற்றினால் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. ஸ்பிரிங்கை இறுக்குவது அதுதான். எந்தப் பக்கம் திருப்புவது என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய இடத்தில் பேனாவால் கோடு போட்டு, கால் சுற்று திருப்பினேன். மறுநாள் கிளாசில் 1 டிகிரி. இன்னொரு கால் சுற்று. அதற்கடுத்த நாள் 4.

கைபிடிக் கொண்டியையும் எடுத்துவிட்டுக் காந்தம் பொருத்தினேன். அந்தக் கொண்டிக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. ஒளிந்து விளையாடிய பிள்ளைகள் பலர் இறந்த பிறகு, 1956இல் அமெரிக்கா அதற்கெதிராகச் சட்டமே போட்டது.

கொழும்பிலிருக்கும் தம்பி இப்போது பெட்டியை அவனுக்குத் தரச் சொல்கிறான். தரலாம். ஆனால் அந்தப் பேனாக் கோட்டை முதலில் காட்டிக்கொடுக்க வேண்டும். திருகை அங்கே திரும்பக் கொண்டுபோய் வைக்காவிட்டால் அவன் வீட்டுப் பால் புளித்துவிடும்.