வளவுத் தூண்கள் ஏன் சீப்பாகின்றன? கல்யாண வீடியோ எடிட்டர்கள் கவனிக்க வேண்டிய டைம்லைன் அமைப்பு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கல்யாண வேலைக்கு வந்து சேரும் மெமரி கார்டுகளைப் பார்த்தால் போதும், பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பூட்டுதலை (தாலி கட்டுவதை) மேடை ஓரத்தில் நின்று எடுத்தது ஏவிசிஎச்டி வடிவில் பதியும் கேம்கார்டர், அது 50ஐ. பெண் மாப்பிள்ளையை வீட்டு முகப்பில் நிறுத்தி எடுத்தது மிரர்லெஸ் கேமரா, அது 25பி. ஓட்டுக் கூரைக்கு மேலே பறந்த ட்ரோன் 30பி. நடுவே உறவுக்காரப் பையன் போனில் பிடித்த நாலைந்து துண்டுகள் வேறு. நான்கும் நான்கு விதம். ஆனால் இவற்றை அடுக்கும் டைம்லைன் ஒன்றுதான்.

அந்த டைம்லைனின் அமைப்பைப் பெரும்பாலும் யாரும் முடிவு செய்வதே இல்லை. முதலில் இழுத்துப் போடும் கிளிப் அதை முடிவு செய்துவிடுகிறது. கல்யாணப் படம் ட்ரோன் காட்சியில்தான் தொடங்கும். எனவே முதல் கிளிப் ட்ரோன். எனவே சீக்வென்ஸ், அதாவது டைம்லைனின் அமைப்பு, நொடிக்கு 29.97 ஃபிரேம் (30 என்று சொல்வது இதைத்தான்). அடுத்துப் போடும் கேம்கார்டர் கிளிப் பொருந்தவில்லை என்று எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும். அவசரத்தில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வார்கள். 25 ஃபிரேமை 30-க்கு நீட்டும்போது ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரண்டு தடவை வரும். நொடிக்கு ஐந்து முறை படம் தட்டித் தட்டி நகரும். மாப்பிள்ளை அழைப்பில் கார் மெல்ல ஊர்ந்து வரும் காட்சியில் அந்தத் தட்டல் அப்பட்டமாகத் தெரியும்.

இது ஃபிரேம் வேகக் கோளாறு. இதைவிடப் பெரிய சேதம் இன்டர்லேஸ் (50ஐ-யில் உள்ள ‘ஐ’), ப்ரோக்ரெசிவ் (25பி-யில் உள்ள ‘பி’, ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படம்) கலப்பில் வருகிறது.

50ஐ என்றால் நொடிக்கு 50 முழுப் படம் இல்லை, 50 அரைப் படம். ஒரு ஃபீல்டில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்த ஃபீல்டில் இரட்டைப்படைக் கோடுகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு ஃபிரேம். நொடிக்கு 25 ஃபிரேம். பழைய பிக்சர் டியூப் டிவி இந்தக் கோடுகளை மாற்றி மாற்றி வரைந்தது, கண்ணுக்கு வழுவழுப்பாக இருந்தது. அலைவரிசை இடத்தை மிச்சப்படுத்தப் பிறந்த ஏற்பாடு அது. நம் நாட்டு டிவியும் 625 கோடு, நொடிக்கு 50 ஃபீல்டு என்ற கணக்கில்தான் ஓடியது. இன்றைய எல்இடி டிவி, போன், மண்டபத்து எல்இடி வால் எல்லாம் முழுக் கோடுகளையும் ஒரே நேரத்தில் காட்டுபவை. ஐம்பதில் ஒரு பங்கு நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு அரைப் படங்களை அப்படியே பின்னிக் காட்டினால், அசையாத இடம் சரியாக இருக்கும். அசையும் இடமெல்லாம் சீப்பு மாதிரிப் பல் பல்லாகப் பிரியும்.

செட்டிநாட்டு வீடு இதைப் பரிசோதிக்க மிகச் சரியான இடம். வளவை, அதாவது வீட்டின் உள் முற்றத்தை, சுற்றி வரிசையாகத் தூண்கள். கேமராமேன் ஒரு மூலையில் நின்று இடமிருந்து வலமாகத் திருப்புகிறார். திரை அகலமான 1920 பிக்சலை நான்கு நொடியில் கடக்கும் வேகம் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 480 பிக்சல். ஒரு ஃபீல்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கிட்டத்தட்ட 10 பிக்சல். அதாவது ஒவ்வொரு தேக்குத் தூணின் விளிம்பிலும் 10 பிக்சல் நீளப் பற்கள். அந்த ஷாட்டின் நடுவில் நிறுத்தி, மானிட்டரை 100 சதவீதத்தில், முழு ரெசல்யூஷனில் வைத்துப் பாருங்கள். பல் தெரிந்தால் அது இன்டர்லேஸ் புட்டேஜ். அரை ரெசல்யூஷனில் வைத்துப் பார்த்தால் பல் மறைந்துபோகலாம். பிரீமியரின் புரோகிராம் மானிட்டரில் ஒரு ஃபீல்டை மட்டும் காட்டும் தெரிவும் உண்டு. அது இயங்கிக்கொண்டிருந்தால் கோளாறு கண்ணில் படாமலே போய், எக்ஸ்போர்ட் ஆன பிறகு மண்டபத்துத் திரையில்தான் தெரியவரும்.

கண்ணால் பார்ப்பதோடு மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்துவிடுங்கள். ஸ்கேன் டைப் என்ற வரியில் ப்ரோக்ரெசிவ், இன்டர்லேஸ்டு, அல்லது எம்பிஏஎஃப்எஃப் என்று போட்டிருக்கும். ஏவிசிஎச்டி 50ஐ கிளிப்புகளில் அடிக்கடி வருவது மூன்றாவது. அதையும் இன்டர்லேஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கேமராமேனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதை மட்டும் நான் நம்புவதில்லை. அவர் பொய் சொல்லமாட்டார். ஆனால் கேமரா வாடகைக்கு வந்திருக்கும், முந்தைய ஆள் மெனுவை எதில் விட்டுப் போனார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டையும் ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்றால், கோப்பு ஒன்று சொல்லி, படம் வேறொன்று சொல்வதும் உண்டு. சில கேம்கார்டர்கள் 25பி-யில் எடுத்துவிட்டு அதை 50ஐ உறைக்குள் போட்டு எழுதும். கேனான் கேம்கார்டர் மெனுவில் பிஎஃப்25 என்று இருப்பது அந்த வகை. மீடியாஇன்ஃபோ அதை இன்டர்லேஸ் என்று சொல்லும். எடிட்டிங் மென்பொருளும் நம்பிவிடும். ஆனால் தூண் விளிம்பில் பல் இருக்காது, இரண்டு ஃபீல்டும் ஒரே கணத்தில் எடுத்தவை. இதை டீஇன்டர்லேஸ் செய்தால் (ஃபீல்டுகளைப் பிரித்து முழு ஃபிரேம்களாக்கினால்), நன்றாக இருக்கும் படத்தில் பாதிக் கோடுகளைத் தூக்கியெறிந்து ஊகத்தில் நிரப்புவதாகிவிடும். சேலை ஜரிகை மங்கும், ஆத்தங்குடிக் கல் தரையின் பூவேலை குழையும். பிரீமியரில் கிளிப்பை ரைட்-கிளிக் செய்து, மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ் என்று போய், ஃபீல்டு ஆர்டரில் நோ ஃபீல்ட்ஸ் கொடுத்துவிட்டால் தீர்ந்தது.

சரி, கலப்படமான கார்டுகளுக்கு எந்த சீக்வென்ஸ்? நம் பகுதி வேலைக்கு என் பதில் 1080, 50பி. காரணம் எளிது. 50ஐ-யின் ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக விரித்தால் நொடிக்கு 50 ஃபிரேம், அசைவில் ஒன்றும் இழப்பில்லை. 25பி கிளிப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் சரியாக இரண்டு தடவை வரும், தட்டல் கிடையாது. அதையே 25பி சீக்வென்ஸில் போட்டால் கேம்கார்டர் பிடித்த அசைவில் பாதி போய்விடும். திருப்பூட்டும்போது நாயனமும் தவிலும் உச்சத்தில் இருக்கும். தவில்காரர் விரல்கள் 50-ல் எப்படித் தெரிகின்றன, 25-ல் எப்படித் தெரிகின்றன என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விவாதமே தேவைப்படாது. தை மாதம் சிறாவயல் மஞ்சுவிரட்டை எடுப்பவர்களுக்கு இன்னும் அதிகம். தொழுவை விட்டுச் சீறி வரும் காளையின் கால்கள் 25-ல் துண்டு துண்டாகத்தான் நகரும்.

50பி-யில் போட்டதும் ஒரு சோதனை: ஓட்டமுள்ள இடத்தில் அம்புக்குறி விசையால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் படம் நகர்ந்தால் இரண்டு ஃபீல்டும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு அழுத்தத்துக்கு ஒரு முறைதான் நகர்கிறது என்றால் மென்பொருள் ஒரு ஃபீல்டை வீசிவிட்டது. கிளிப்பின் டீஇன்டர்லேஸ் அமைப்பைப் பார்க்க வேண்டும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் அது கிளிப் ஆட்ரிபியூட்ஸுக்குள் இருக்கிறது.

போன், ட்ரோன் கிளிப்புகளின் 30பி எந்த வழியிலும் முழுக்கப் பொருந்தாது. அதைப் படப்பிடிப்பு நாளிலேயே 25 அல்லது 50-க்கு மாற்றச் சொல்வதே மருந்து. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரையும் 1/50-லோ 1/100-லோ வைத்தால் டியூப் லைட் துடிப்பும் சேர்ந்து அடங்கும்.

ஃபீல்டு வரிசை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது பழைய கேசட்டுகள் நிறைய வருகின்றன. மினிடிவி கேசட்டில் கீழ் ஃபீல்டு முதலில். எச்டிவி (HDV), ஏவிசிஎச்டி போன்ற 1080ஐ-யில் மேல் ஃபீல்டு முதலில். இது தலைகீழானால் நடக்கும் மனிதர் ஓரடி முன், அரையடி பின் என்று உதறிக்கொண்டே நடப்பார். அசையாத ஷாட்டில் தெரியாது என்பதால்தான் தப்பிவிடுகிறது.

அண்மையில் ஒரு ஆச்சி, தன் சாந்திக் கல்யாணத்தில் (மணிவிழாவில்) எல்இடி வாலில் போடுவதற்காகப் பழைய திருமண வீடியோவை பென்டிரைவில் கொடுத்தனுப்பினார். கேசட்டை எங்கோ கொடுத்து எம்பி4 ஆக மாற்றி வாங்கியது. திறந்தால், அகலத்திரைக்கு இழுத்ததில் முகங்களெல்லாம் பெருத்திருந்தன. திருப்பூட்டும் கட்டத்தில் மாப்பிள்ளையின் கை இரண்டாகத் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக, தெளிவில்லாத பட்டைகளோடு. “தம்பி, கேசட்ல இப்படி இல்லையே, கோடு கோடா ஓடுதே?” என்று போனில் கேட்டார். அவர் சொன்னது சரி. கேசட்டில் அது இல்லை.

நடந்தது இது: 720க்கு 576 அளவு இன்டர்லேஸ் படத்தை, டீஇன்டர்லேஸ் செய்யாமல் 1080 உயரத்துக்குப் பெரிதாக்கியிருக்கிறார்கள். 576 கோடுகள் 1080 ஆகும்போது ஒவ்வொரு புதுக் கோடும் பக்கத்துக் கோடுகளின் கலவை. ஒற்றைப்படை ஃபீல்டும் இரட்டைப்படை ஃபீல்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துவிட்டன. இனி எந்த மென்பொருளாலும் அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. முதலில் டீஇன்டர்லேஸ், அதன் பிறகே பெரிதாக்கல். இந்த வரிசை மாறினால் திரும்பி வர வழியில்லை. ஆச்சி வீட்டில் மூலக் கேசட் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. அதை வாங்கி ஃபயர்வயர் (கேமராவைக் கணினியோடு இணைக்கும் கேபிள்) வழியாக இறக்கி, மறுபடி செய்தோம். மினிடிவி என்பதால் கேசட்டில் இருந்த டிஜிட்டல் தகவல் அப்படியே கணினிக்கு வந்தது. 4:3 படத்தை 4:3 ஆகவே நடுவில் வைத்தோம். கை ஒன்றாகத் தெரிந்தது. கழுத்திருவின் (நகரத்தார் தாலியின்) உருப்படிகள் தனித்தனியாகத் தெரிந்தன.

யூடியூபுக்கும் எல்இடி வாலுக்கும் கொடுக்கும் கோப்பு எப்போதும் ப்ரோக்ரெசிவாக இருக்கட்டும். பதிவேற்றும் முன்பே டீஇன்டர்லேஸ் செய்யும்படி யூடியூபே கேட்கிறது. மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் டிவிடிதான் வேண்டும் என்றால், 50பி மாஸ்டரிலிருந்து 50ஐ டிவிடி ஒழுங்காக எடுக்கலாம்.

வீட்டில் கேசட் வைத்திருப்பவர்களுக்கு: மாற்றக் கொடுக்கும்போது எம்பி4 மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். மினிடிவி என்றால் ஃபயர்வயரில் இறக்கிய மூல டிவி (DV) கோப்பைக் கேளுங்கள்; ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி அளவில் இருக்கும். விஎச்எஸ் என்றால் 720க்கு 576, 25 ஃபிரேம், இன்டர்லேஸ் கலையாமல் பதிந்த கோப்பைக் கேளுங்கள். அதைத் தனி ஹார்ட் டிஸ்கில் போட்டு, கேசட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.