கால் மரத்துப்போகிறது, ஸ்கேனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

"டாக்டர், ஒரு நாள் அட்மிஷன் போட்டுக் குடுத்துருங்க, எம்ஆர்ஐ இன்சூரன்ஸ்ல போயிரும்ல?" மதுரையில் நரம்பு வைத்தியம் பார்க்கிற எவருக்கும் பழகிப்போன கேள்வி இது. போகாது. நம் ஆட்கள் வைத்திருக்கும் பாலிசிகளில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரியில் படுத்து வைத்தியம் பார்ப்பதற்கானவை. பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்ற விலக்கு அவற்றில் ஒரே வாசகமாக இருக்கும், இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான ஐஆர்டிஏஐ வகுத்த பட்டியலில் அதற்கு 04 என்று நம்பரே உண்டு. அதனால் "இடுப்பு வலி, பரிசோதனைக்காக அட்மிஷன்" என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி போய்விட்டால் கதை அங்கேயே முடிந்தது.

நேர் வழி வேறு. ஸ்கேனை வெளிநோயாளியாகவே எடுத்துவிடுங்கள், டாக்டர் எழுதிய சீட்டு, உங்கள் பெயர் போட்ட பில், ரிப்போர்ட் மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அதே கோளாறுக்காகப் பிறகு அட்மிட் ஆக வேண்டி வந்து அந்த கிளெய்மும் ஏற்கப்பட்டால், அட்மிஷனுக்கு முந்தைய 30 அல்லது 60 நாள் செலவில் (பாலிசிக்குப் பாலிசி மாறும்) இந்த ஸ்கேனும் சேரும். டாக்டர் சீட்டே இல்லாமல் நேராக ஸ்கேன் சென்டருக்குப் போய் எடுத்து வருகிறவர்கள் நிறையப் பேர், அந்த பில் எதற்கும் ஆகாது. இன்னொன்று, சாதாரண இடுப்பு வலிக்கு முதல் வாரத்திலேயே ஸ்கேன் தேவையும் இல்லை. பலருக்கு ஆறு வாரத்துக்குள் தானாகவே குறைந்துவிடும். மனசு நிம்மதிக்காக எடுக்கிற ஸ்கேனுக்கு எந்தக் கம்பெனியும் காசு தராது, தர வேண்டும் என்று நானும் வாதாட மாட்டேன்.

ஆனால் கோளாறு நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் நிலைமை மாறிவிடுகிறது. இங்கேதான் நம்மவர்கள் கோட்டை விடுகிறார்கள். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருகிறவர் "காலு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்பதோடு நிறுத்திவிடுவார். செருப்பு கழன்று விழுவது தெரிகிறதா, நடக்கையில் பாதம் தரையில் தேய்கிறதா, சட்டைப் பட்டன் போட, சோறு பிசைய முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். அழகர் ஆற்றில் இறங்கினபோது விரல் நுனியில் மட்டும் மதமதப்பு, ஆடி பிறந்தபோது கணுக்கால் வரை, இப்போது மாடிப்படி ஏற முடியவில்லை. இப்படித் திருவிழாவை வைத்துச் சொன்னாலும் போதும், அதைத் தேதியாக மாற்றி எழுதுவது எங்கள் வேலை. பாதத்தின் பலம் ஐந்துக்கு எத்தனை, உணர்ச்சி எதுவரை இல்லை, எந்த மாத்திரை, எத்தனை நாள் பிசியோதெரபி, போன தடவை பார்த்ததற்கு இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது, எல்லாம் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு எழுதி வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கப் போவதில்லை, அவருக்குக் கிடைப்பது காகிதம் மட்டும்தான்.

அதே காகிதத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "சுகர் எத்தனை வருஷமா?" என்று நர்ஸ் கேட்கும்போது, கூட வந்த மச்சான் "அது இருக்கும் ஒரு எட்டு பத்து வருஷம்" என்று சும்மா அடித்துவிடுவார். பாலிசி எடுத்து மூன்று வருடம்தான் என்றால், பழைய நோயை மறைத்ததாகக் கேள்வி வரும், அப்புறம் மாதக்கணக்கில் அலைச்சல். பொய் சொல்லச் சொல்லவில்லை, சரியாகத் தெரிந்ததைச் சொல்லுங்கள், சுகர் முதலில் கண்டுபிடித்தபோது வாங்கிய சீட்டு இருந்தால் கொண்டு வாருங்கள். ஏற்கனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு (பாலிசி எடுத்த பிறகு அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம்) இப்போது அதிகபட்சம் 36 மாதம். பாலிசி 60 மாதம் தொடர்ந்து ஓடியிருந்தால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, நோயை மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. முதுகெலும்பு டிஸ்க் கோளாறுக்குத் தனியாக இரண்டு வருடக் காத்திருப்பு பல பாலிசிகளில் உண்டு, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில அறிகுறிகள் வந்தால் இன்சூரன்ஸ் அப்ரூவல் என்ற பேச்சே கூடாது. சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் சிறுநீர் தெரியாமல் போவது, உட்காருமிடம் மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் பலமிழப்பது, பாதம் திடீரென்று தொங்கிப்போவது. நடுராத்திரியானாலும் கிளம்புங்கள், கையில் காசில்லையென்றால் நேராகப் பெரியாஸ்பத்திரிக்கு. தண்டுவட நரம்புகள் நசுங்கினால் மணிக்கணக்கில்தான் அவகாசம், விட்டுவிட்டால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலேகூடப் போகலாம். இப்படி அட்மிட் ஆவது சிகிச்சைக்காக என்பதால், அதில் எடுக்கும் ஸ்கேன் சிகிச்சையின் ஒரு பகுதி, 04-ஆம் விலக்கு இங்கே செல்லாது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு (நாம் கட்டாமல் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் ஐஆர்டிஏஐ உத்தரவே போட்டிருக்கிறது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், தனியாரில் காசு கட்டும் முன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் ஒரு வார்த்தை கேளுங்கள். அதன் பட்டியலில் சிகிச்சைகளோடு குறிப்பிட்ட சில பரிசோதனைகளும் இருக்கின்றன, சேர்க்கப்பட்ட தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும்.

தனியார் பாலிசியில் மறுத்துவிட்டால் போனில் சொன்னதை ஏற்காதீர்கள். எந்த விதிப்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள், அந்தக் காரணத்துக்கு மட்டும் பதிலாக டாக்டரிடம் கடிதம் கேளுங்கள். அதை வைத்துக் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி 30 நாள் ஆகியும் பதில் இல்லை, அல்லது வந்த பதில் திருப்தியில்லை என்றால், சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) ஒரு வருடத்துக்குள் போகலாம். வக்கீலும் வேண்டாம், கட்டணமும் கிடையாது. ஒரிஜினல் பில்லையும் ரிப்போர்ட்டையும் கம்பெனிக்கு அனுப்பும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கேன் ஃபிலிம் மட்டும் உங்களிடமே இருக்கட்டும், அடுத்த டாக்டர் கேட்பார்.