அப்பாவுக்குப் பார்க்கின்சன், எனக்கும் வருமா?

அப்பாவைப் பரிசோதனைக்குக் கூட்டிவந்திருந்தார் மகள். அப்பாவுக்கு ஏழு வருடமாகப் பார்க்கின்சன் நோய். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னேன். முதல் வரி பளிச்சென்று இருந்தது. நாலாவது வரிக்குள் எழுத்து எறும்பளவு சுருங்கிவிட்டது. இந்த நோயில் கை நடுங்குவதைவிட இதுதான் சில நேரம் முதலில் தெரியும்.

அப்பா வெளியே போனதும் மகள் ஒரு தாளை நீட்டினார். வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பிச் செய்துகொண்ட மரபணுப் பரிசோதனை. “டாக்டர், எனக்கு ரிஸ்க் 30 சதவீதம் அதிகம்னு போட்டிருக்காங்க. அப்போ வந்துடுமா?” இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்றார்.

அவர் அதை ‘நூற்றுக்கு முப்பது’ என்று படித்திருந்தார். அது அப்படியில்லை. ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 2 என்று வைத்துக்கொள்வோம். அது 30 சதவீதம் கூடினால் 2.6. அவ்வளவுதான். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நோய் இருந்தால் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு ஆகும் என்பது உண்மை. அதையும் மறைக்காமல் சொன்னேன். அப்போதும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராமல் போவது சகஜம்.

சரி, அப்படியென்றால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. 1997-ல், தலைமுறை தலைமுறையாக நோய் வந்த ஓர் இத்தாலியக் குடும்பத்தில் எஸ்என்சிஏ என்ற மரபணுவில் பிழை கண்டுபிடித்தார்கள். ஆல்பா சைனூக்ளின் என்ற புரதத்தைச் செய்யும் மரபணு அது. நோயாளிகளின் மூளைச் செல்களில் கட்டியாகச் சேர்வதும் அதே புரதம்தான் என்று அதே வருடம் தெரிந்தது. இப்படிப்பட்ட பிழை மிக அரிது, ஆனால் பலமானது. 2009-ல் இன்னொன்று தெரிந்தது: அதே மரபணுவை ஒட்டி, நம்மில் ஏராளமானோரிடம் இருக்கும் சாதாரண டிஎன்ஏ எழுத்து மாறுபாடுகளும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டுகின்றன. அவை புரதத்தை உடைப்பதில்லை. அது எவ்வளவு சுரக்கிறது என்பதை லேசாக மாற்றுகின்றன என்றே கருதப்படுகிறது. 2019-ல் வந்த பெரிய ஆய்வு இதுபோன்ற 90 மாறுபாடுகளைப் பட்டியலிட்டது. பெரும்பாலானவை தனித்தனியாக மிகச் சிறிய தள்ளு மட்டுமே.

அரிதான பலமான பிழைக்கும் இந்தச் சிறிய தள்ளுகளுக்கும் நடுவில் நிற்பது ஜிபிஏ1 என்ற மரபணு. இந்த மரபணுவின் பிழையால் வரும் கௌஷே நோய் என்ற அரிய பரம்பரை நோயைப் பார்த்துவந்த மருத்துவர்கள், அந்தக் குடும்பங்களில் பார்க்கின்சன் அடிக்கடி தலைகாட்டுவதைக் கவனித்தார்கள். நோயாளியின் குடும்பக் கதையைக் காதுகொடுத்துக் கேட்டதால் கிடைத்த அறிவு இது. இந்த மரபணுவில் பிழை உள்ளவர்களுக்கு வாய்ப்பு சுமார் ஐந்து மடங்கு என்று 2009-ல் உறுதியானது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம் வேறு. இந்தத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பிய வம்சாவளியினருடையது. எல்ஆர்ஆர்கே2 மரபணுவில் கிழக்காசியர்களிடம் காணப்படும் ஒரு மாறுபாடு ஐரோப்பியர்களிடம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் ஜிபிஏ1-ல் ஒரு முக்கியமான மாறுபாடு 2023-ல்தான் தெரியவந்தது. ஓர் இனத்தை வைத்துப் போட்ட கணக்கை இன்னொருவர் கையில் அறிக்கையாகக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

மரபணுப் பரிசோதனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐம்பது வயதுக்கு முன்பே நோய் தொடங்கியிருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, பெற்றோர் நெருங்கிய உறவில் மணந்தவர்களாக இருந்தாலோ செய்யலாம். முதலில் நோயாளிக்கு, அதுவும் மரபணு ஆலோசகரிடம் பேசிய பிறகு. முடிவு தெரிந்த பின் என்ன செய்யப் போகிறோம் என்பதை ரத்தம் எடுக்கும் முன்பே பேசிவிட வேண்டும்.

மகளிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். வாசனை தெரியாமல் போவது, தூக்கத்தில் கனவோடு கை கால் வீசுவது, ஒரு கை மட்டும் மந்தமாவது, இப்படி ஏதாவது தெரிந்தால் வாருங்கள் என்றேன். உடற்பயிற்சியை விடவேண்டாம் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அப்பாவை நடக்கக் கூட்டிப்போக எந்த நேரம் நல்லது என்று கேட்டார்.

“மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் பார்த்துக் கூட்டிப்போங்கம்மா.”